மிக்ஜாமுக்குப் பிறகும் கட்டிக்கொண்டிருக்கிறேன்: வியாசர்பாடியில் கார் இன்சூரன்ஸ், வீட்டு இன்சூரன்ஸ் அனுபவம்

ராயபுரத்து நண்பர் ஒருவர் பழைய கார் ஒன்று வாங்கப் பார்க்கிறார். "மெட்ராஸ் நம்பர்னா இன்சூரன்ஸ் ஜாஸ்தியாமே தல, திருவள்ளூர் நம்பர் வண்டியா பார்த்துடட்டா?" என்று போனில் கேட்டார். பெரம்பூர், புளியந்தோப்பு பக்கமும் இதே கேள்வி அடிக்கடி காதில் விழுகிறது. ஏஜென்டைக் கேட்டால் "ஆமா சார், அது சிட்டி ரேட்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

சிட்டி ரேட் என்று ஒன்று இருப்பது உண்மை. கார்களுக்கு நாட்டை இரண்டு மண்டலமாகப் பிரித்திருக்கிறார்கள். சென்னை, மும்பை, டெல்லி, கொல்கத்தா, பெங்களூரு, ஹைதராபாத், அகமதாபாத், புனே எட்டும் 'ஏ'. மற்ற ஊர்கள் 'பி'. வண்டி எங்கே பதிவானது என்பதை வைத்துத்தான் இது. 1,000 முதல் 1,500 சிசி வரை, ஐந்து வயது தாண்டாத காருக்குப் பழைய டாரிஃபில் (பொது விலைப்பட்டியலில்) ஓன் டேமேஜ், அதாவது நம் வண்டிக்கே வரும் சேதத்துக்கான பகுதியின் விகிதம் 'ஏ'யில் 3.283 சதவீதம், 'பி'யில் 3.191. ஐடிவி (பாலிசியில் வண்டிக்குப் போடும் மதிப்பு) நான்கு லட்சம் என்றால் இங்கே 13,132 ரூபாய், அங்கே 12,764. வித்தியாசம் 368 ரூபாய். 2007ல் இருந்து ஓன் டேமேஜில் கம்பெனிகள் அவரவர் இஷ்டப்படி டிஸ்கவுன்ட் தருவதால், ஒரு கம்பெனிக்கும் இன்னொரு கம்பெனிக்கும் இடையே இதைவிடப் பெரிய வித்தியாசம் சர்வசாதாரணம். 368 ரூபாய்க்காக நல்ல வண்டியை விட்டுவிட்டு வேறு ஊர் நம்பர் தேடி அலைய வேண்டியதில்லை.

தேர்ட் பார்ட்டியில், அதாவது நம் வண்டியால் அடுத்தவருக்கு வரும் பாதிப்புக்கான பகுதியில், ஊர் வித்தியாசமே கிடையாது. அரசு நிர்ணயித்த தொகை அது. 2022 ஜூனில் அறிவித்தபடி 1,000 சிசி வரை 2,094 ரூபாய், 1,500 வரை 3,416, அதற்கு மேல் 7,897. கன்னியாகுமரியிலும் அதுதான், கொருக்குப்பேட்டையிலும் அதுதான். போலீஸ் மடக்கினால் கேட்பதும் இதைத்தான். எங்கள் பக்கம் பாதிப் பேர் இதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், மாசச் சம்பளத்தில் அவ்வளவுதான் ஒதுக்க முடிகிறது.

எனக்கு ஆதங்கம் எங்கே என்றால், வியாசர்பாடிக்கும் பெசன்ட் நகருக்கும் ஒரே மண்டலம். கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் நிற்காத மழைக்காலம் எனக்கு ஞாபகம் இல்லை. ஒரு பக்கம் ஓட்டேரி நல்லா, இன்னொரு பக்கம் பக்கிங்காம் கால்வாய், நடுவில் கேப்டன் காட்டன் கால்வாய். மூன்றும் நிரம்பினால் தண்ணீர் தெருவுக்குள்தான் வரும். ஆனால் இந்த இரண்டு பகுதியும் சேர்ந்த சாதாரண காம்ப்ரிஹென்சிவ் பாலிசியில் வெள்ளம் என்று எழுதியிருந்தாலும், இன்ஜினுக்குள் தண்ணீர் போய் அது பிடித்துக்கொண்டால் 'தொடர் சேதம்' என்று கழித்துவிடுவார்கள். அதற்கென்று தனியாக இன்ஜின் புரொடெக்ட் எடுக்க வேண்டும். நம் பகுதியில் ஓடும் காருக்கு பாலிசி என்றால் எனக்கு அந்த ஒற்றை வரிதான்.

2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் வந்தபோது எங்கள் தெருவில் சீட் மட்டத்துக்குத் தண்ணீர். வடிந்த பிறகு எதிர் வீட்டுப் பெரியவர் அக்கறையோடுதான் சொன்னார், "ஒரு செல்ஃப் அடிச்சுப் பாருப்பா, ஓடுனா காய்ஞ்சிடும்." நான் சாவியைத் தொடவில்லை. பேட்டரி டெர்மினலைக் கழற்றினேன். கதவில் படிந்திருந்த சேற்றுக் கோட்டை நம்பர் பிளேட்டோடு சேர்த்துப் படம் எடுத்தேன். கம்பெனிக்குப் போன் போட்டேன். ஊரே மூழ்கியிருந்ததால் ரெக்கவரி வண்டி வரத் தாமதமானது, அதில் எனக்குக் குறையில்லை. ஒர்க் ஷாப்பில் சர்வேயர் (சேதத்தை மதிப்பிட வருபவர்) முதலில் கேட்ட கேள்வி, "ஸ்டார்ட் பண்ணீங்களா?" இல்லை என்றதும் ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறக்கச் சொன்னார். உள்ளே சேற்றுத் தண்ணீர், ஃபில்டர் காகிதம் நைந்து ஒட்டிக்கொண்டிருந்தது. அப்படியே ஸ்டார்ட் செய்திருந்தால் அந்தத் தண்ணீரைத்தான் இன்ஜின் இழுத்திருக்கும், கனெக்டிங் ராடு வளைந்திருக்கும். இன்ஜின் கவர் இருந்தாலும் தண்ணீரில் வைத்து மறுபடி மறுபடி ஸ்டார்ட் செய்ததாகத் தெரிந்தால் தகராறு செய்வார்கள். இந்த ஒரு விஷயத்தை மட்டும் எல்லோரும் வீட்டில் சொல்லிவையுங்கள்.

க்ளெய்ம் நியாயமாகவே முடிந்தது. இன்ஜினைப் பிரித்துச் சுத்தம் செய்தது, வயரிங், சீட், தரை விரிப்பு எல்லாம் கொடுத்தார்கள். 1,500 சிசி வரையுள்ள காருக்கான கட்டாயக் கழிவு 1,000 ரூபாயும் சில்லறைச் சாமான்களும்தான் என் கையிலிருந்து போனது. சர்வேயர் மரியாதையாகப் பேசினார். அந்தக் கம்பெனி அன்று என்னைக் காப்பாற்றியது என்று எங்கே வேண்டுமானாலும் சொல்வேன்.

ஆனாலும் அவர்கள் மேல் எனக்குத் தீராத கோபம் ஒன்று உண்டு. வருஷா வருஷம் ரினீவல் லிங்க் அனுப்புவார்கள். திறந்தால் போன வருஷத்தைவிடக் குறைவான தொகை பளிச்சென்று தெரியும். கீழே போய்ப் பார்த்தால் இன்ஜின் புரொடெக்ட் காணாமல் போயிருக்கும். ஐடிவியும் சந்தை விலைக்குக் கீழே இறங்கியிருக்கும். வெள்ளத்தில் க்ளெய்ம் வாங்கிய வண்டி, டிஎன் 05 நம்பர், வியாசர்பாடி விலாசம், எல்லாம் அவர்கள் கம்ப்யூட்டரிலேயே இருக்கிறது. அப்படிப்பட்ட வண்டிக்கு அந்த ஒரு கவரைத்தான் எடுத்துவிட்டு 'உங்களுக்கான சிறந்த விலை' என்று அனுப்புகிறார்கள். புகார் எழுதினேன். வருத்தம் தெரிவித்துக் கடிதம் வந்தது. அடுத்த ரினீவலிலும் அதே கதை. படித்துப் பார்த்து டிக் போட எனக்குத் தெரிகிறது. கொடுங்கையூரில் டிராவல்ஸ் ஓட்டுகிற தம்பிக்கும், போனிலேயே பணம் கட்டும் என் அத்தைக்கும் யார் சொல்வார்கள்? பணம் கட்டியதும் வரும் பாலிசி ஷெட்யூலில் ஆட்-ஆன் (கூடுதல் கவர்) பட்டியல் என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் இன்ஜின் புரொடெக்ட் என்று எழுத்தில் இருக்கிறதா பாருங்கள். போனில் பேசுகிறவர் "எல்லாம் கவர் ஆகும் சார்" என்று சொன்னது செல்லாது.

காருக்கு ஐந்து வயது தாண்டியதும் இன்னொரு அடி. வயசுக்குக் கழிக்காமல் சாமான் விலையை முழுசாகத் தரும் 'பம்பர் டு பம்பர்' கவர் கிடைப்பது கஷ்டமாகிவிடுகிறது. அது இல்லாவிட்டால் பிளாஸ்டிக், ரப்பர், டயர், பேட்டரி எதுவானாலும் பாதி நம் தலையில். இரும்புச் சாமானுக்கு ஐந்து முதல் பத்து வயது வரை 40 சதவீதம் கழிப்பார்கள். கண்ணாடிக்கு மட்டும் கழிவு இல்லை. இன்றைய கார்களில் பிளாஸ்டிக் நிறைய, கணக்கைப் போட்டுக்கொள்ளுங்கள்.

என்சிபி (க்ளெய்ம் வாங்காத வருஷங்களுக்குத் தரும் தள்ளுபடி) பற்றி ஒரு வார்த்தை. 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று வருஷத்துக்கு வருஷம் ஏறும், ஓன் டேமேஜில் மட்டும் கழியும், ஒரு க்ளெய்மில் பூஜ்யமாகும். மேலே சொன்ன 13,132 ரூபாயில் 35 சதவீதம் என்றால் கிட்டத்தட்ட 4,600. பம்பர் கீறலுக்கு மூவாயிரம் க்ளெய்ம் வாங்குவது நஷ்டம். பாலிசி காலாவதியாகி 90 நாள் தாண்டினாலும் என்சிபி போய்விடும். பழைய கார் வாங்கும் நண்பருக்கு முக்கியமான சேதி: விற்றவரின் என்சிபி உங்களுக்கு வராது, அது அவரோடு போகும். வண்டி கைமாறிய 14 நாளுக்குள் பாலிசியையும் உங்கள் பெயருக்கு மாற்ற எழுதிக் கொடுங்கள்.

இனி வீடு. எனக்கு மனசு நிறைந்தது இதில்தான். 2021 ஏப்ரலில் இருந்து 'பாரத் கிருஹ ரக்ஷா' என்ற ஒரே மாதிரியான பாலிசியை எல்லாக் கம்பெனிகளும் விற்க வேண்டும் என்று இன்சூரன்ஸ் துறையின் ஒழுங்குமுறை அமைப்பான ஐஆர்டிஏஐ வைத்திருக்கிறது. மனை விலையைச் சேர்ப்பதில்லை, கட்டுமானச் செலவு மட்டும்தான். 600 சதுர அடி, சதுர அடிக்கு 2,500 என்றால் 15 லட்சம். அதில் 20 சதவீதம், அதாவது மூன்று லட்சம், வீட்டுச் சாமானுக்குத் தானாகவே சேர்ந்துவிடும். அதிகபட்சம் பத்து லட்சம் வரை. தீ, புயல், வெள்ளம், நிலநடுக்கம் எல்லாம் அடக்கம். தொகை குறைவாகப் போட்டுவிட்டீர்கள் என்று சொல்லி க்ளெய்மில் வெட்டவும் முடியாது. எங்கள் தரைத்தள ஃபிளாட்டுக்கு வருஷத்துக்கு ஆயிரம் ரூபாய்க்குள்தான் வருகிறது. நாளுக்கு நாள் விலை இறங்கும் காருக்கு அதைப்போலப் பல மடங்கு கட்டுகிறேன், தலைக்கு மேல் கூரைக்கு இவ்வளவுதான்.

அதே மிக்ஜாமில் பிரிட்ஜ், வாஷிங் மெஷின், அடியில் துருப்பிடித்த பீரோ, ஊதிப்போன பிளைவுட் கட்டில் எல்லாவற்றுக்கும் இந்த பாலிசியில் பணம் வந்தது. பிளாஸ்டிக்குக் கழிவு, வயசுக்குக் கழிவு என்று பேச்சே இல்லை, அதே மாதிரிச் சாமான் இன்று வாங்க என்ன ஆகும் என்றுதான் கேட்டார்கள். குறைகளும் உண்டு. நகைக்குத் தனியாகச் சொல்லிச் சேர்க்க வேண்டும். திருட்டு என்றால் வெள்ளம் மாதிரி ஏதாவது நடந்து ஏழு நாளுக்குள் போனதற்கு மட்டும், மற்றபடி திருட்டுக்கான பர்க்ளரி பாலிசி தனி. லீஸுக்கு, வாடகைக்கு இருப்பவர்கள் சாமானுக்கு மட்டும் எடுக்கலாம். வடசென்னையில் பாதிப் பேர் அப்படித்தான் இருக்கிறார்கள், ஆனால் இப்படி எடுக்கலாம் என்பதே பலருக்குத் தெரியாது.

எர்ணாவூரில் என் சொந்தக்காரர்கள் வீடுகளில் அந்த டிசம்பரில் வெள்ளத்தோடு எண்ணெயும் வந்தது. சுவரில் இடுப்பளவுக்குக் கறுப்புக் கோடு. தேய்த்தால் பரவுமே தவிரப் போகாது. அரசு கொடுத்த 6,000 ரூபாய் நிவாரணம் மெத்தைக்கும் பாத்திரத்துக்குமே சரியாகப் போனது. அந்தத் தெருவில் எல்லோர் பைக்குக்கும் இன்சூரன்ஸ் இருந்தது, எனக்குத் தெரிந்து ஒரு வீட்டுக்கும் இல்லை. அதை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

ஜிஎஸ்டி போய்விட்டதாமே என்று கேட்பவர்களுக்கு: 2025 செப்டம்பர் 22 முதல் போனது தனிநபர் ஆயுள், மெடிக்கல் பாலிசிகளுக்குத்தான். காருக்கும் வீட்டுக்கும் அதே 18 சதவீதம். க்ளெய்மில் இழுத்தடித்தால் முதலில் கம்பெனிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள், ஐஆர்டிஏஐயின் 155255 எண்ணிலும் பதியலாம். ஒரு மாதத்தில் பதில் சரியில்லை என்றால் ஆம்பட்ஸ்மன் (இன்சூரன்ஸ் புகார்களை விசாரிக்கும் அதிகாரி) இருக்கிறார், 50 லட்சம் வரை விசாரிப்பார், கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம்.

கடைசியில் என்ன வாங்கலாம் என்று கேட்டால், வீட்டு பாலிசியைக் கண்ணை மூடிக்கொண்டு எடுங்கள். பத்து வருஷம் வரை ஒரேயடியாகப் போடலாம், கட்டடத்துக்கான தொகை வருஷம் பத்து சதவீதம் தானாக ஏறும். அடுத்த முறை நான் அப்படித்தான் போடப் போகிறேன். காருக்கு, எனக்கு அவ்வளவு நேர்மையாகப் பணம் கொடுத்த அந்தக் கம்பெனியை யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன். சேர்ந்த என்சிபியை எடுத்துக்கொண்டு இந்த ரினீவலில் வேறு கம்பெனிக்குப் போகிறேன்.