கடகம் விற்ற காசில் கைக்கு வருவது எவ்வளவு? ஈபே, எட்சி, டராஸ், பேஸ்புக்: ஓர் ஒப்பீடு

சம்பூர்ப் பக்கத்திலிருந்து பனையோலைச் சாமான் கொண்டுவரும் அக்கா ஒருவர், திருகோணமலை மத்திய வீதியில் இருக்கும் என் கடை வாசலில் கடகங்களை, அதாவது பெரிய பனையோலைக் கூடைகளை, இறக்கி வைத்துவிட்டுக் கேட்டார்: “தம்பி, வெளிநாட்டில அறுபது டொலர் குடுத்து வாங்கினதெண்டு சொன்னீங்கள். எங்கட கைக்கு வரேக்க ஏன் இவ்வளவு குறையுது?”

அவருக்குச் சொன்ன கணக்கைத்தான் இங்கே எழுதுகிறேன். ஈபே, எட்சி, டராஸ் எல்லாம் இணையத்தில் பொருள் விற்கும் சந்தைத் தளங்கள். ஈபேக் கணக்கை நான் இங்கிருந்தே நடத்துகிறேன். எட்சிக் கடை கனடாவில், ஸ்காபரோவில் இருக்கும் மச்சாளின் பெயரில் ஓடுகிறது. உள்ளூருக்கு டராஸும் பேஸ்புக்கும். நான்கிலும் ஒரே கடகம்தான் போனது. கைக்கு மிஞ்சிய காசு மட்டும் ஒவ்வொன்றிலும் வேறு.

முதலில் வரி. அமெரிக்காவில் விற்பனை வரியை மாநிலங்கள்தான் அறவிடுகின்றன. 2018 ஜூனில் சவுத் டகோட்டாவுக்கும் வேஃபெயர் நிறுவனத்துக்கும் இடையிலான வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது: மாநிலத்துக்குள் கடையோ களஞ்சியமோ இல்லாத விற்பனையாளரிடமும் வரி கேட்கலாம். அதற்குப் பிறகு மாநிலங்கள் ஒவ்வொன்றாகச் சட்டம் கொண்டுவந்து, வரியை வசூலித்துக் கட்டும் பொறுப்பைச் சந்தைத் தளங்களின் தலையில் வைத்தன. ஆகவே ஈபே, எட்சி, அமேசன் மூன்றுமே வரியை வாங்குபவரிடம் எடுத்துத் தாங்களே கட்டிவிடும். அந்தக் காசு நம் கையில் தங்குவதே இல்லை.

ஆனால் தங்காத காசுக்கும் நாம் கட்டணம் கொடுக்கிறோமா என்பதில்தான் தளத்துக்குத் தளம் வித்தியாசம். கடகத்துக்கு 40 டொலர், அனுப்பும் செலவு 20 டொலர், வாங்குபவர் நியூயோர்க் நகரத்துக்காரர் என்று வைத்துக்கொள்வோம். அங்கே வரி 8.875 வீதம், அனுப்பும் செலவுக்கும் சேர்த்தே போடுவார்கள். 60 டொலருக்கு 5.33 டொலர் வரி, மொத்தம் 65.33.

ஈபேயில் பெரும்பாலான பிரிவுகளுக்கு 2025 பெப்ரவரியிலிருந்து 13.6 வீதம் கட்டணம், அத்துடன் 10 டொலருக்கு மேற்பட்ட ஓடருக்கு 40 சதம் (0.40 டொலர்). இந்த 13.6 வீதம் வரியும் சேர்ந்த மொத்தத் தொகையில் போடப்படுகிறது. அதாவது 65.33 டொலரில். 8.88 டொலரும் 40 சதமுமாக 9.28 டொலர் போய்விடும். இதில் 72 சதம், நம் கையில் படாத வரிப் பணத்துக்கான கட்டணம். ரூபாயில் 200க்கு மேல். ஒரு கடகத்துக்கு இது பெரிய காசில்லை என்று சொல்வார்கள். ஓலை வெட்டி, காயவைத்து, சாயம் போட்டு, வார்ந்து, இரண்டு நாள் குந்தியிருந்து இழைத்தவரிடம் அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

எட்சியில் பொருளைப் பட்டியலிட 20 சதம். நான்கு மாதத்துக்குச் செல்லும். விற்றால் 6.5 வீதம். 2022 ஏப்ரல் வரை இது 5 வீதமாக இருந்தது. இந்த 6.5 வீதம் பொருள் விலைக்கும் அனுப்பும் செலவுக்கும் மட்டும்தான். மச்சாளின் கணக்கில் அமெரிக்க விற்பனை வரி அதில் சேர்வதில்லை. 60 டொலருக்கு 3.90. பணப் பரிமாற்றக் கட்டணம் தனி. அது நாட்டுக்கு நாடு மாறும், வரி சேர்ந்த தொகையில் போடப்படும். எல்லாம் கூட்டினால் மச்சாளுக்கு 6 முதல் 7 டொலருக்குள் முடிகிறது. ஈபேயைவிட மலிவு.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்காமல் விட்டால் கை சுடும். எட்சி வெளித் தளங்களில் நம் பொருளுக்கு விளம்பரம் போடும். அந்த விளம்பரத்தைத் தட்டி வந்தவர் வாங்கினால் மேலதிகமாக 15 வீதம் எடுக்கும். 60 டொலருக்கு 9 டொலர். அப்போது மொத்தக் கழிவு 15 டொலரைத் தாண்டி, ஈபேயைவிட விலை கூடிவிடும். வருடத்துக்கு 10,000 டொலருக்குக் கீழே விற்கும் கடைகள் இந்த விளம்பரத்தை நிறுத்திவைக்கலாம். கடை திறந்த அன்றே நிறுத்துங்கள்.

அமேசனை நான் பாவிப்பதில்லை. பெரும்பாலான பிரிவுகளில் 15 வீதம், அதற்கு மேல் மாதம் 39.99 டொலர் அல்லது விற்கும் ஒவ்வொன்றுக்கும் 99 சதம். மாதம் ஏழெட்டுக் கடகம் விற்பவருக்கு அது சரிவராது.

ஐரோப்பாவில் வரியின் முகம் வேறு. பிரித்தானியாவில் 2021 ஜனவரியிலிருந்து, வெளிநாட்டிலிருந்து வரும் 135 பவுணுக்கு உட்பட்ட பார்சல்களுக்குத் தளமே 20 வீத வற் (பெறுமதி சேர்) வரியை அறவிட்டுக் கட்டுகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 ஜூலையிலிருந்து 150 யூரோ வரைக்கும் அதே ஏற்பாடு. லண்டன் சொந்தக்காரரின் சிநேகிதர்களுக்கு வட்ஸ்அப்பில் நேரடியாக விற்கலாமே, கட்டணமே இல்லையே என்று பலர் நினைக்கிறார்கள். நேரே விற்றால் அந்த வற்றுக்குப் பதிந்து கட்டும் பொறுப்பு விற்பவரின் தலையில் விழும். தளத்துக்குக் கொடுக்கும் கட்டணத்தில் ஒரு பங்கு, இந்தத் தலையிடியைத் தளம் ஏற்பதற்கான கூலி என்றே நான் பார்க்கிறேன்.

ஐரோப்பியப் பார்சலுக்குத் தளம் ஒரு வரிப் பதிவு எண் தரும். அதைச் சுங்கத் தகவலோடு சேர்த்துக் கொடுக்க வேண்டும். ஒருமுறை பாரிஸ் நகரத்துக்கு மூன்று நீத்துப்பெட்டி (பிட்டு அவிக்கும் ஓலைப்பெட்டி) அனுப்பியபோது அந்த எண்ணைக் கொடுக்க மறந்துவிட்டேன். வாங்கும்போதே வரி கட்டியவரிடம், வீட்டு வாசலில் மறுபடியும் வரி கேட்டிருக்கிறார்கள். அவர் ரசீதைப் படம் பிடித்து அனுப்பினார், ஒரு கடுமையான சொல்லும் இல்லை. இரண்டாவது வரியை நான் என் கையிலிருந்து கொடுத்தேன். இப்போது பார்சலில் விலாசம் ஒட்டுவதற்கு முன்பே அந்த எண்ணை எழுதிவிடுகிறேன்.

அடுத்தது காசைத் திருப்பிக் கொடுப்பது. ஒரு தளம் நமக்குச் சரிவருமா என்பதை நான் இதை வைத்துத்தான் தீர்மானிக்கிறேன்.

முழுக் காசும் திருப்பினால் விற்பனை வரியைத் தளமே வாங்கியவருக்குக் கொடுத்துவிடும். ஈபே வீதக் கட்டணத்தை நமக்குத் திருப்பும், 40 சதத்தை வைத்துக்கொள்ளும். ஆனால் நாமாகத் தீர்க்காமல் இழுத்தடித்து, ஈபே நடுவராக வந்து நமக்கு எதிராக முடிவெடுத்தால் அந்த வீதக் கட்டணமும் திரும்பாது. எட்சியில் பட்டியலிட்ட 20 சதம் மட்டும் போகும். அமேசன், தான் எடுத்த கழிவில் ஐந்தில் ஒரு பங்கையோ 5 டொலரையோ, எது குறைவோ அதைப் பிடித்துக்கொள்ளும்.

இவையெல்லாம் சில்லறை. பெரிய செலவு, பொருள் திரும்பி வருவதற்கான கூலி. “திருப்பி எடுக்கமாட்டோம்” என்று ஈபேயில் நாம் போட்டிருந்தாலும், சொன்னதுபோல் பொருள் இல்லை என்று வாங்கியவர் 30 நாளுக்குள் முறையிட்டால் திருப்பி எடுக்கத்தான் வேண்டும், அதுவும் நம் செலவில். கடகத்தின் கதையைப் பாருங்கள். நிறை ஒரு கிலோகூட வராது. ஆனால் 40 சென்ரிமீற்றர் நீளம், 40 அகலம், 30 உயரமுள்ள பெட்டியில் வைத்தால், கூரியர்காரர் மூன்றையும் பெருக்கி 5,000ஆல் பிரித்து 9.6 கிலோ என்று கணக்கெடுப்பார். காற்றுக்குக் காசு கட்டுகிறோம். அமெரிக்காவிலிருந்து அந்தக் கடகத்தைத் திருப்பி எடுக்கும் கூலியில் பல கடகம் வாங்கலாம்.

போன வருடம் ஒரு தளத்தில் இப்படித்தான் நடந்தது. விளிம்பு நசுங்கி வந்ததாக வாங்கியவர் படம் அனுப்பினார். அனுப்பும்போது நான் எடுத்த படங்களைத் தளத்துக்காரர் பார்த்ததாகவே தெரியவில்லை, தயாரித்து வைத்த பதில்தான் வந்தது. காசைத் திருப்பிக் கொடுத்தேன், கடகம் அங்கேயே நின்றுவிட்டது. “காசும் குடுத்து, கடகமும் குடுத்ததா?” என்று அக்கா கேட்டதற்கு என்னிடம் பதிலில்லை. அவருக்குச் சேரவேண்டிய கூலியை மட்டும் குறைக்காமல் கொடுத்தேன்.

பொருள் வழியில் தொலைந்தால் எட்சியில் ஒரு காப்பு உண்டு. அனுப்பும் செலவும் வரியும் சேர்த்து 250 டொலர் வரையான ஓடர், உரிய நாளில், பின்தொடரும் எண்ணோடு அனுப்பப்பட்டு வழியில் தொலைந்துபோனால், வாங்கியவருக்குக் காசை எட்சி தன் பணத்திலிருந்து கொடுக்கும், நம்மிடம் பிடிக்காது. மலிவான கட்டணத்தைவிட இதற்காகவே வெளிநாட்டு ஓடர்களுக்கு எட்சியை முன்னால் வைக்கிறேன்.

2025 ஓகஸ்ட் 29 முதல் 800 டொலர் வரையான பார்சல்களுக்கு அமெரிக்கா கொடுத்த தீர்வை விலக்கு இல்லாமல் போனது. இது விற்பனை வரி அல்ல, இறக்குமதிப் பொருளுக்குச் சுங்கத்தில் போடும் வரி. வாசலில் கேட்ட காசைக் கட்ட மறுத்து வாங்குபவர் பார்சலைத் திருப்பிவிட்டால் இரண்டு பக்கக் கூலியும் நம்முடையது. அதனால் தீர்வையை முன்கூட்டியே கட்டி அனுப்பும் சேவையில் மட்டுமே அமெரிக்காவுக்கு அனுப்புகிறேன்.

இனி உள்ளூர். வருடத்துக்குப் பல மில்லியன் ரூபாய் விற்றால்தான் வற் பதிவு. கடகக்காரருக்கு அது எட்டாத தொகை. ஆனால் டராஸ் எடுக்கும் கழிவு ஒரு சேவைக் கட்டணம், அதற்கு 18 வீத வற் உண்டு. 100 ரூபாய் கழிவென்றால் 118 போகும். பதிவில்லாதவர் அந்த 18 ரூபாயை எங்கும் திரும்பக் கேட்க முடியாது. பொருள் கைக்கு வந்தபின் காசு என்னும் முறையில், கொழும்பில் ஒருவர் “வேண்டாம்” என்று சொன்னால் கடகம் ஒரு வாரம் பயணம் செய்து நசுங்கித் திரும்பும். பேஸ்புக்கிலும் இக்மன் என்னும் உள்ளூர் விளம்பரத் தளத்திலும் விற்றதற்குக் கழிவில்லை, நடுவரும் இல்லை. நிலாவெளி, உப்புவெளி விடுதிக்காரர்கள் வந்து, தொட்டுப் பார்த்து, விளிம்பை அழுத்திப் பார்த்து வாங்குகிறார்கள். அப்படி வாங்கியவர் எவரும் இதுவரை காசைத் திருப்பிக் கேட்டதில்லை.

அக்காவோடு பேசி இப்படிப் பிரித்திருக்கிறோம். பெரிய கடகங்கள் பேஸ்புக்கில் திருகோணமலைக்குள்ளேயே. ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் சிறு பெட்டிகளும் நீத்துப்பெட்டிகளும் மச்சாளின் எட்சிக் கடைக்கு, ஒரே பொதியாக. ஈபேயில் தட்டையான தடுக்குகள் மட்டும். நேற்று வந்தபோது அவர் ஐந்து பெட்டிகளை ஒன்றுக்குள் ஒன்று வைத்து, அளவுநாடாவால் தானே உயரம் பார்த்து, மேலே இருந்ததன் வாயை இரண்டு விரல் குறைத்து இழைத்துக் கொண்டுவந்திருந்தார்.