சின்ன ஊரில் எப்போது இருட்டும்? நோவா சூரியக் கணிப்பான் பற்றி ஒரு விமர்சனம்

சூரியன் எத்தனை மணிக்கு மறையும் என்று சொல்ல எல்லாருடைய போனிலும் ஏதோ ஒன்று இருக்கிறது. எத்தனை மணிக்கு இருட்டும் என்று சொல்லத்தான் ஆளில்லை. பெரிய நகரத்தில் இருப்பவர்களுக்கு இது ஒரு விஷயமே இல்லை, பொழுது சாய்வதற்குள் விளக்கெல்லாம் எரிய ஆரம்பித்துவிடும், இருட்டு வந்ததே தெரியாது. சின்ன ஊரில் அப்படி இல்லை. கடைசித் தெருவிளக்கைத் தாண்டியதும் வெறும் ரோடு, அதில் நடக்கிறவருக்கும் சைக்கிளில் வருகிறவருக்கும் சூரியன் மறைந்த நேரத்தை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது, கண் தெரியாமல் போகிற நேரம்தான் வேண்டும்.

அதற்கு நான் பயன்படுத்துவது நோவா சூரியக் கணிப்பான். அமெரிக்காவின் தேசியப் பெருங்கடல், வளிமண்டல அமைப்பு நடத்தும் இலவச இணையப் பக்கம். கணக்குத் தொடங்கச் சொல்லாது, விளம்பரம் கிடையாது. ஒரு வரைபடம், அதில் ஒரு குறி, பக்கத்தில் தேதியும் நேரமும் போடும் பெட்டிகள், அவ்வளவுதான். ஊர்ப் பட்டியல் ஒன்று இருக்கிறது, அதில் பெரிய நகரங்கள்தான் இருக்கும், அந்தப் பக்கமே போகாதீர்கள். குறியை நகர்த்தி உங்கள் ஊர்மேலேயே வையுங்கள், இல்லையென்றால் அட்சரேகை, தீர்க்கரேகையை நேராகப் போடுங்கள். அப்புறம் நேர மண்டலம் சரியாக இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள், அது தப்பானால் மீதி எல்லாமே தப்பு.

ஊர்மேலேயே வைக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பூமி ஒரு டிகிரி சுழல 4 நிமிடம் ஆகிறது. நிலநடுக்கோட்டுப் பக்கம் ஒரு டிகிரி என்பது சுமார் 111 கிலோமீட்டர், ஆகவே பக்கத்து நகரத்துக்கு 55 கிலோமீட்டர் மேற்கே இருக்கும் ஊரில் சூரியன் ஏறக்குறைய 2 நிமிடம் தாமதமாக மறையும். வானிலை ஆப்கள் பலவும் சின்ன ஊர்களை அருகிலுள்ள நகரத்தோடு சேர்த்துக் கணக்கு போட்டுவிடுகின்றன. 2 நிமிடம் பெரிதில்லைதான், ஆனால் நம் ஊருக்கென்று ஒரு நேரம் இருக்கும்போது அடுத்த ஊர் நேரத்தை ஏன் பார்க்க வேண்டும்?

துல்லியத்தில் எனக்குக் குறையே இல்லை. 72 டிகிரி அட்சரேகை வரைக்கும் சூரிய உதய, மறைவு நேரங்கள் ஒரு நிமிடத்துக்குள் சரியாக இருக்கும் என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள், அதற்கு மேலே துருவப் பக்கம் போனால் 10 நிமிடம் வரை. சூரியனின் மேல் விளிம்பு தொடுவானத்துக்குக் கீழே இறங்குவதுதான் மறைவு. காற்று ஒளியை வளைத்துச் சூரியனைத் தூக்கிக் காட்டுகிறது, அதையும் சேர்த்துத்தான் கணக்கு, அதனால் கண்ணுக்கு மறையும் நேரத்தில் சூரியனின் நடுப்புள்ளி உண்மையில் 0.833 டிகிரி கீழே போயிருக்கும்.

இனி இருட்டுக்கு வருவோம். இந்தப் பக்கத்தில் அந்திப்பொழுதுக்கென்று தனி வரி இல்லை, என்னைப் பொறுத்தவரை பெரிய குறை இதுதான். ஆனால் சூரியனின் உயரக் கோணத்தைக் காட்டும் பெட்டி ஒன்று இருக்கிறது, வேலையே அதில்தான். மறைவு நேரத்தை எடுத்துக்கொண்டு நேரப் பெட்டியில் அஞ்சு நிமிடம் அஞ்சு நிமிடமாகக் கூட்டிக்கொண்டே போங்கள். கோணம் மைனஸில் இறங்கும், அதாவது சூரியன் தொடுவானத்துக்கு அத்தனை டிகிரி கீழே போயிருக்கிறது. மைனஸ் 6 வரைக்கும் வெளியே வேலை செய்யலாம், எதிரே வருகிறவர் முகம் தெரியும், துணியின் நிறம் தெரியும். அந்த நேரத்தில் மேற்கை மட்டும் பார்க்காமல் கிழக்கேயும் திரும்பிப் பாருங்கள், தொடுவானத்தை ஒட்டி மங்கிய நீலச் சாம்பல் நிறத்தில் ஒரு பட்டை மெதுவாக மேலேறும், அதற்கு மேலே இளஞ்சிவப்பு ஓரம். அந்தப் பட்டை பூமியின் நிழல். வீடுகள் தாழ்வாக இருக்கும் ஊர்களில் நின்ற இடத்திலிருந்தே தெரியும்.

மைனஸ் 6-இலிருந்து மைனஸ் 12 டிகிரி வரைதான் ரோட்டில் ஆபத்தான நேரம். வானம் இன்னும் வெளிச்சமாக இருக்கும், அதனால் இருட்டவில்லை என்றே தோன்றும், ஆனால் தரை கறுத்துவிடும். நிறங்களில் சிவப்பு முதலில் போகும். பகலில் பளிச்சென்று இருந்த சிவப்புச் சட்டை கறுப்பாகத் தெரியும், பக்கத்தில் பச்சை இலைகள் மட்டும் இன்னும் வெளிறித் தெரியும். மங்கிய வெளிச்சத்தில் கண் இப்படி மாறுவதை 19-ஆம் நூற்றாண்டிலேயே செக் நாட்டு விஞ்ஞானி புர்க்கின்யே கவனித்து எழுதினார். ஆகவே சைக்கிளில் விளக்கை எப்போது போடுவது என்று கேட்டால் மைனஸ் 6-க்குக் காத்திருக்காதீர்கள், மறைந்ததுமே போட்டுவிடுங்கள்.

மைனஸ் 12-க்குக் கீழே பெரிய நகரத்து வானத்தில் மாற்றமே தெரியாது, விளக்கு வெளிச்சம் மேலே போய் மூடிவிடும். சின்ன ஊரில் அப்போதும் நட்சத்திரங்கள் ஒவ்வொன்றாகக் கூடிக்கொண்டிருக்கும். மைனஸ் 18-ஐத் தாண்டியதும் இந்தப் பெட்டி எண் காட்டுவதையே நிறுத்திவிட்டு ‘இருட்டு’ என்று ஆங்கிலத்தில் ஒரே சொல் போட்டுவிடும். பால்வீதியைப் பார்க்க வேண்டுமென்றால் நிலா இல்லாத நாளாகப் பார்த்து, அந்தச் சொல் வந்த பிறகு வெளியே போங்கள். விளக்கடியிலிருந்து போனால் கண் பழக அரை மணி நேரம் வரை ஆகும்.

நிலநடுக்கோட்டில், மார்ச் அல்லது செப்டம்பரில் பகலும் இரவும் சமமாக வரும் நாட்களில், மறைவுக்குப் பிறகு 6 டிகிரிக்கு 21 நிமிடம், 12-க்கு 45, 18-க்கு 69 நிமிடம் ஆகும். வடக்கே, தெற்கே போகப் போகச் சூரியன் சரிவாக இறங்குவதால் இது நீளும். 60 டிகிரி வடக்கில் ஜூன் கடைசியில் சூரியன் 7 டிகிரிகூடக் கீழே போகாது, அந்த ஊர்க்காரர்கள் இருட்டுக்காக இந்தப் பெட்டியை இரவு முழுக்கப் பார்த்தாலும் அந்தச் சொல் வராது.

நம்பக் கூடாத இடமும் சொல்லிவிடுகிறேன். மேற்கே மலை இருந்தால் கணிப்பானுக்கு அது தெரியாது, தொடுவானம் தட்டையாக இருப்பதாகத்தான் கணக்கு. வெப்பமண்டலத்தில் ஒரு டிகிரிக்குச் சுமார் 4 நிமிடம் என்று வைத்துக்கொண்டால் 5 டிகிரி உயரத்துக்கு நிற்கும் மலை உங்கள் சூரியனை 20 நிமிடம் முன்பே மறைத்துவிடும். ஆனால் வானம் அதற்காகச் சீக்கிரம் இருட்டாது, ஊர் நிழலில் இருக்கும், மேலே வெளிச்சம் இருக்கும். மழைமேகம் கட்டியிருந்தால் கதையே வேறு, கணக்கு சொல்வதற்கு வெகு முன்பே மசங்கிவிடும்.

இந்தக் கணிப்பானை வைத்துத்தான் இன்னொன்றும் பிடிபட்டது. வட அரைக்கோளத்தில் டிசம்பர் 21 வாக்கில் பகல் மிகவும் குறுகும், ஆனால் ஆண்டிலேயே சீக்கிரமாகச் சூரியன் மறைவது அன்றைக்கு இல்லை. மத்திய அட்சரேகைகளில் டிசம்பர் தொடக்கத்திலேயே அது முடிந்துவிடும், நிலநடுக்கோட்டுப் பக்கம் நவம்பரிலேயே. தேதியை மட்டும் மாற்றி மாற்றிப் பாருங்கள், நேரம் ஒரு கட்டத்தில் திரும்பி நடப்பது தெரியும்.

தினமும் நேரத்தைக் கூட்டிக்கொண்டிருக்கப் பொறுமை இல்லாதவர்களுக்கு இரண்டு வழி. அமெரிக்கக் கடற்படை வானியல் ஆய்வகத்தின் தளத்தில் அந்திப்பொழுதுக்கு ஓராண்டு அட்டவணை எடுக்கலாம். இல்லையென்றால் நோவா பக்கத்திலேயே எக்செல் கோப்புகள் இருக்கின்றன, ஒரு நாளுக்கு ஒன்று, ஓராண்டுக்கு ஒன்று, 1901 முதல் 2099 வரை செல்லும். ஒரு நாளுக்கானது 6 நிமிடத்துக்கு ஒரு வரியாகக் கோணத்தைத் தருகிறது, இணையம் இல்லாமலும் ஓடும். உங்கள் ஊர் எண்களை மேலே போட்டுவிட்டு, மைனஸ் 6-ஐத் தாண்டும் வரியைத் தேடி எடுத்துக்கொள்ளுங்கள்.