அட்மிஷன் பிளான் போட்டுத் தர்ற சர்வீஸ்: ஒன்றரை வருஷம் யூஸ் பண்ண ரிவ்யூ (5க்கு 3)

கம்பெனி பேரு சொல்லப்போறதில்ல, கமென்ட்ல கேக்காதீங்க. நான் ஒரு காலேஜ் அட்மிஷன் ஆபீஸ்ல இருக்கேன். சீட்டு காலியா கிடக்கறது வருஷா வருஷம் கூடிட்டே போகவும் மேனேஜ்மென்ட்ல ஒரு கன்சல்டன்சிய புடிச்சு, அஞ்சு வருஷத்துக்கு மாணவர் சேர்க்கை பிளான், கூடவே ஒரு டாஷ்போர்டு, மாசம் ஒரு மீட்டிங்னு பேசி முடிச்சாங்க. அத தினமும் தொறந்து பார்த்தது நான்தான், அதனால எழுதறேன்.

முதல் மீட்டிங் செம்ம. விளம்பரம் பத்தி ஒரு வார்த்த பேசல, நேரா பிறப்பு விகிதத்துல ஆரம்பிச்சாங்க. ஜப்பான்ல 18 வயசுக்காரங்க 1992ல சுமார் 20.5 லட்சம் பேரு, முப்பது வருஷத்துல அது கிட்டத்தட்ட பாதியாயிடுச்சு. அமெரிக்காவுல 2007ல 43 லட்சம் குழந்தைங்க பொறந்துச்சு, அடுத்த வருஷத்துல இருந்தே இறங்குமுகம், அந்த 2007 பசங்க காலேஜுக்கு வர்ற வருஷம்தான் 2025. பொறக்காத புள்ள அப்ளிகேஷன் போடாதுல்ல, அப்போ நம்ம காலேஜுக்குப் பசங்க வர்ற ஏரியாவுல பள்ளிக்கூடத்துல இன்னைக்கு எட்டாவது ஒன்பதாவதுல எத்தன பேரு இருக்காங்கன்னு எண்ணாம அஞ்சு வருஷ டார்கெட் எழுதறது சும்மா ஆசைதான்னு சொன்னாங்க. எங்க பழைய பிளான்ல "வருஷம் 10% வளர்ச்சி"ன்னு எழுதி வச்சிருந்தோம், எங்கேர்ந்து வந்த 10%னு யாருக்கும் தெரியாது, எல்லாரும் தலைய குனிஞ்சுட்டோம்.

அடுத்தது டாஷ்போர்டு. என்கொயரி, அப்ளிகேஷன், சீட் குடுத்தது, அட்வான்ஸ் கட்டினது, கிளாஸ்ல வந்து உக்காந்ததுன்னு படி படியா காட்டும், பார்க்க அழகாத்தான் இருக்கு. ஆனா ஒரு நாள் ஒரு பொண்ணுக்கு நான் போன் பண்ணா "இது மூணாவது கால் சார், உங்களுக்கு என்னதான் வேணும்"னு கடுப்பாயிடுச்சு. லிஸ்ட்ட பார்த்தா அதே நம்பர் மூணு இடத்துல, கல்விக் கண்காட்சியில ஒரு ஸ்பெல்லிங், வெப்சைட்ல ஒரு ஸ்பெல்லிங், போன்ல கேட்டு எழுதினது இன்னொரு ஸ்பெல்லிங், சிஸ்டத்துக்கு இது மூணு மாணவி. இப்படி எத்தனன்னு ஒரு வாரம் உக்காந்து கையாலயே தட்டிப் பார்த்தேன், கண்காட்சி முடிஞ்ச மாசத்துல எல்லாம் எண்ணிக்கை ஊதிப்போய் இருக்கு. அத நம்பி "என்கொயரி நெறைய வருது, உங்க ஃபாலோஅப்தான் சரியில்ல"ன்னு எங்களுக்கு டோஸ் வேற விழுந்துச்சு. போன் நம்பர வச்சு ஒண்ணாக்கத் தெரியாத சாப்ட்வேர எதுக்கு விக்கறாங்களோ.

இவங்ககிட்ட உருப்படியா கத்துக்கிட்டது ரெண்டு. ஒண்ணு மெல்ட், அதாவது அட்வான்ஸ் கட்டிட்டு முதல் நாள் கிளாஸுக்கு வராம கரைஞ்சு போறவங்க. நாங்க பணம் கட்டியாச்சுன்னா சேர்ந்தாச்சுன்னு விட்டுடுவோம். அவங்க சொன்னாங்கன்னு வராத பசங்களுக்கு நானும் இன்னொரு மேடமும் போன் போட்டோம், வேற காலேஜ் கிடைச்சுதுன்னு சொன்னவங்க உண்டு, ஆனா நாலஞ்சு பேரு ஹாஸ்டல் பாரம் லிங்க் காலாவதியாயிடுச்சு, மெயில் போட்டோம் யாரும் பதில் போடல, சரி இடமில்ல போலன்னு விட்டுட்டோம்னு சொன்னாங்க. எனக்கு அன்னைக்கு சோறு எறங்கல.

ரெண்டாவது, சேர்ந்தவன் போகாம பாத்துக்கறது. கணக்கு சிம்பிள்: 1000 பேருக்கு சீட் குடுத்தா 300 பேரு சேர்றாங்கன்னு வைங்க. முதல் வருஷத்துல இருந்து 100 பேரு படிப்ப விட்டுப் போறாங்க, அதுல 50 பேர நிறுத்திட்டாலே, புதுசா 50 பேரு சேர 160, 170 பேருக்கு சீட் குடுக்கற வேலை மிச்சம். என்ரோல்மென்ட் மேனேஜ்மென்ட்னு சொல்ற இந்த சேர்க்கைத் திட்டத் துறைக்கே முன்னோடி, அமெரிக்காவுல பாஸ்டன் காலேஜ்ல 1970கள்ல அட்மிஷன் பார்த்த ஜாக் மகுவயர், அடிப்படையில பிசிக்ஸ்காரரு, அவர் சொன்னதே சேர்க்கை, உதவித்தொகை, படிப்ப விடாம பாத்துக்கறது எல்லாத்தையும் ஒரே கணக்கா பாருங்கங்கறதுதான். இதையும் மீட்டிங்ல இவங்கதான் சொன்னாங்க.

சொன்னவங்க செஞ்சாங்களான்னா அதுதான் இல்ல. பிளான் எழுதறப்போ பேசினது மார்க்கெட்டிங் டீம் கிட்ட மட்டும். 140 பக்கம். ஒரு கோர்ஸ்ல 60 சீட் ஏத்தலாம்னு எழுதிருக்கு, அந்த டிபார்ட்மென்ட் ஹெச்ஓடிக்கு விஷயமே தெரியாது, லேப்ல இப்பவே ரெண்டு பேருக்கு ஒரு சிஸ்டம். டைம்டேபிள் போடறவர கூப்பிட்டு ஒரு வார்த்த கேட்டிருந்தா அந்தப் பக்கத்தையே கிழிச்சிருப்பாரு. உதவித்தொகைய அள்ளிக்குடுத்து ஆள் சேர்க்கற ஐடியாவும் இருந்துச்சு, தலை எண்ணிக்கை ஏறும், ஆனா தள்ளுபடி போக கைக்கு வர்ற ஃபீஸ் என்ன ஆகும்னு எங்க அக்கவுன்ட்ஸ் சார் கேட்டதுக்கு அந்தக் கணக்கே டேபிள்ல இல்ல. அவரு அப்புறம் அவரே ஒரு எக்செல் போட்டு காட்டினாரு, மேனேஜ்மென்ட் இப்ப அதத்தான் பார்க்குது.

ஆளுங்க தப்பான ஆளுங்க இல்ல, கேட்டா பதில் வரும், மாசாந்திர மீட்டிங் ஒண்ணு கூட தவறினதில்ல. வாங்கறதா இருந்தா எத்தன பசங்க வருவாங்கங்கற முன்கணிப்பும் மெல்ட் ரிப்போர்ட்டும் மட்டும் கேளுங்க, பிளான உங்க ஆளுங்களே எழுதட்டும், ரிஜிஸ்ட்ரார், ஹாஸ்டல், அக்கவுன்ட்ஸ் மூணு பேரும் இல்லாத ரூம்ல எழுதினா செல்லாது. நாங்க அப்படித்தான் பாதி பேக்கேஜ மட்டும் ரினியூ பண்ணிருக்கோம். ஒரே நம்பர் மூணு தடவ வர்ற பிரச்சனை அடுத்த அப்டேட்ல சரியாயிடும்னு சொல்லிருக்காங்க, போன அப்டேட்டுக்கும் அதையேதான் சொன்னாங்க.