பள்ளத்தாக்கைத் தாண்ட எது சரி: தொட்டிப்பாலமா, ஈயக்குழாயா?

ரோமானியர்களின் தண்ணீர்க் கால்வாய் என்றதும் எல்லோரும் வளைவுப் பாலத்தின் படத்தைத்தான் போடுகிறார்கள். ஆனால் குறுக்கே பள்ளத்தாக்கு வந்தால் அவர்கள் கையில் இரண்டு வழி இருந்தது. பிரான்சிலேயே இரண்டுக்கும் அருமையான உதாரணம் உண்டு.

முதலில் பாலம். நீம் நகரத்துக்குப் போன கால்வாயின் நீளம் சுமார் 50 கிலோமீட்டர், அத்தனை தூரத்துக்கும் கிடைத்த இறக்கம் 12 மீட்டர் சொச்சம்தான். கிலோமீட்டருக்கு 25 சென்டிமீட்டர் வாட்டம்! மொட்டை மாடியில் மழைத்தண்ணீர் வடிய விடும் வாட்டம்கூட இதைவிடப் பல மடங்கு அதிகம். அந்த வாட்டம் கெடாமல் கார்தோன் ஆற்றைத் தாண்டத்தான் 49 மீட்டர் உயரத்தில் போன் து கார் பாலத்தை மூன்று அடுக்காக எழுப்பினார்கள். கீழ் இரண்டு அடுக்கில் சாந்து கிடையாது, ஆறு டன் வரை எடையுள்ள கற்களைச் செதுக்கி ஒன்றின்மேல் ஒன்றாகப் பொருத்தியதுதான். கிட்டே போய்ப் பார்த்தால் சாரம் தாங்குவதற்காக விட்ட கல்முட்டுகள் இன்னும் துருத்திக்கொண்டு நிற்கின்றன, எந்தக் கல் எங்கே உட்கார வேண்டும் என்று கொத்திய குறிகளும் அப்படியே இருக்கின்றன.

அப்புறம் லியோன் நகரம். அங்கே தண்ணீர் கொண்டுபோன ஜியே கால்வாய் வழியில் போனான் என்ற இடத்தில் குழாய் இறங்கிய ஆழம் சுமார் 120 மீட்டர். அந்த உயரத்துக்குக் கல்லை அடுக்க முடியாது. அதனால் கரையில் ஒரு தொட்டி கட்டி, அதிலிருந்து பல ஈயக்குழாய்களைப் பக்கம் பக்கமாகப் பள்ளத்துக்குள் இறக்கி, எதிர்க்கரையில் சற்றுத் தாழ்வான இன்னொரு தொட்டிக்கு ஏற்றிவிட்டார்கள். கொத்தனார் டியூபில் தண்ணீர் விட்டு மட்டம் பார்ப்பாரே, அதே கணக்குதான். ஆனால் அடியில் சதுர சென்டிமீட்டருக்கு 12 கிலோ பிரஷர். ஈயத் தகட்டை உருட்டிப் பற்றவைத்த குழாய் அதைத் தாங்கியது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் மலைப்பாக இருக்கிறது.

சரி, எது மேல்? 50 மீட்டருக்குள் என்றால் என் ஓட்டு பாலத்துக்கு, காரணம் பராமரிப்பு. நீம் கால்வாயின் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம், ஓடி ஓடிச் சுவரில் அரை மீட்டர் அளவுக்குக்கூடப் படிந்திருக்கிறது. ஒரு மீட்டருக்கு மேல் அகலமான வாய்க்காலுக்குள் ஆள் இறங்கிச் சுரண்டலாம், குழாய்க்குள் எப்படி இறங்குவது? அங்கே ஈயக்குழாய் போட்டிருந்தால் சீக்கிரமே அடைத்துப்போயிருக்கும். ஆழம் அதைத் தாண்டினால் குழாய்தான், வேறு பேச்சே இல்லை. ஈயம் விலை, ஒவ்வொரு இணைப்பிலும் கசிவு பயம், அடியில் வளையும் இடம் பிய்த்துக்கொள்ளும் ஆபத்து (ரோமானியக் கட்டடக்கலைஞர் விட்ருவியஸே இதை எச்சரிக்கிறார்) எல்லாம் உண்டு, ஆனாலும் கட்டியவர்களின் துணிச்சலைப் பார்த்தால் நான் லியோன் பக்கம்தான் சாய்வேன்.

அந்த ஈயம் முழுவதையும் பின்னால் வந்தவர்கள் பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். தொட்டிச் சுவரில் குழாய்கள் கிளம்பிய ஓட்டைகள் மட்டும் வரிசையாக மிச்சம் இருக்கின்றன.