வந்தவனை எங்கே ஒளித்து வைப்பது?

வேற்றுக்கிரகவாசிகள் ஒரு சின்ன ஊருக்குள் நுழையும் கதையைக் கையில் பணமில்லாமல் எடுப்பவருக்குத் தலையாய சிக்கல் ஒன்றுதான்: வந்தவனைத் திரையில் எப்படிக் காட்டுவது? எனக்குப் பிடித்த மூன்று அமெரிக்கப் படங்கள் இதற்கு மூன்று வழி கண்டன.

1958-ல் வந்த ‘தி பிளாப்’ நேரடியாகவே காட்டிவிடுகிறது. விண்கல்லுக்குள்ளிருந்து வரும் கூழ் ஒன்று ஆட்களை விழுங்கிப் பெருத்துக்கொண்டே போகும். சிலிக்கோனில் சிவப்புச் சாயம் கலந்து அதைச் செய்தார்கள். மொத்தச் செலவு ஒரு லட்சத்துச் சொச்சம் டாலர், அதிலும் வண்ணப்படம். ஆபரேட்டர் அறை வழியாகக் கூழ் வழிந்து வர, தியேட்டரிலிருந்து கூட்டம் தெறித்து ஓடும் காட்சியைப் பென்சில்வேனியாவின் பீனிக்ஸ்வில் ஊரில் எடுத்தார்கள். அந்த ஓட்டத்தை ரசிகர்கள் இன்றும் ஆண்டுதோறும் அதே தியேட்டர் வாசலில் ஓடிக் காட்டுகிறார்கள். பார்க்க உற்சாகமான படம். ஆனால் கூழ் குளிருக்கு அடங்கும் என்று தெரிந்ததுமே பயம் வடிந்துவிடுகிறது.

ஆண்ட்ரூ பேட்டர்சனின் ‘தி வாஸ்ட் ஆஃப் நைட்’ (2019) கிட்டத்தட்ட கடைசிவரை எதையும் காட்டுவதில்லை. பட்ஜெட் சுமார் 7 லட்சம் டாலர். 1950-களில் ஒரு ராத்திரி. ஊரே கூடைப்பந்துப் போட்டி பார்க்கப் போயிருக்கிறது. தெருக்கள் காலி! துணை நடிகர்களுக்கான செலவும் மிச்சம், வெறிச்சோடிய ஊரின் கிலியும் கிடைத்துவிட்டது. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருக்கும் பெண்ணின் காதில் விழும் ஒரு விநோத ஒலிதான் கதையை நகர்த்துகிறது. ரேடியோ நிலையத்துக்குப் போன் செய்யும் ஒருவர் தன் அனுபவத்தைச் சொல்லும்போது ஓரிடத்தில் திரை முழுக்கக் கறுப்பாகிவிடும். குரல் மட்டும். எனக்கு அங்கே உடம்பு சிலிர்த்தது. இதை ஹெட்போன் மாட்டிக்கொண்டு பார்க்க வேண்டும்.

சரி, மூன்றாவது. டான் சீகலின் ‘இன்வேஷன் ஆஃப் தி பாடி ஸ்நாட்சர்ஸ்’ (1956) வந்தவனை ஊர்க்காரன் முகத்துக்குள்ளேயே வைத்துவிட்டது. பெரிய நெற்றுகளிலிருந்து மனிதர்களின் நகல்கள் முளைக்கின்றன. அம்மா என் அம்மாவே இல்லை என்று ஒரு பையன் அலறுகிறான். மாமாவின் பேச்சு, நினைவு எல்லாம் சரியாக இருந்தும் இது என் மாமா இல்லை என்கிறாள் ஒரு பெண். இந்தப் பயம் சின்ன ஊரில்தான் முழுசாக வேலை செய்யும். பெருநகரத்தில் பக்கத்து வீட்டுக்காரர் முகம் இறுகிப்போனால் யாருக்குத் தெரியப்போகிறது? இங்கே எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். மற்ற இரண்டு படங்களையும்விட ஊரை இவ்வளவு ஆழமாகப் பயன்படுத்தியது இதுதான்.

ஒரு காலைக் காட்சி. கதாநாயகனான டாக்டர் ஜன்னல் வழியே சதுக்கத்தைப் பார்க்கிறார். வழக்கம்போல ஜனங்கள் நடமாடுகிறார்கள். லாரிகள் வந்து நிற்கின்றன. எல்லாரும் அமைதியாகச் சேர்ந்து, பக்கத்து ஊர்களுக்குக் கொண்டுபோக நெற்றுகளை வாங்கிக்கொள்கிறார்கள். நிஜத் தெரு, சில லாரிகள், கொஞ்சம் ஆட்கள். இதில் தந்திரக்காட்சி எதுவுமே கிடையாது.

இதற்கும் ஒரு குறை உண்டு. நம்பிக்கையோடு முடியட்டும் என்று ஸ்டுடியோ வற்புறுத்தியதால், முன்னும் பின்னும் மருத்துவமனைக் காட்சிகளை ஒட்டவைத்தார்கள். நெடுஞ்சாலையில் ஓடும் கார்களுக்கு நடுவே டாக்டர் கத்தும் இடத்தோடு முடிந்திருக்க வேண்டிய படம். அப்படியும், மூன்றில் ஒன்றை மட்டும்தான் பார்க்க நேரம் என்றால் நான் இதைத்தான் கையில் கொடுப்பேன்.