கியூபெக் மூதாதையரைத் தேட எது நல்லது: பி.ஆர்.டி.எச்.சா, ட்ரூவானா, ஃபேமிலிசர்ச்சா?

பிரெஞ்சுக் கனடியக் குடும்பத்தின் வேரைத் தேடுபவருக்கு ஆவணப் பஞ்சம் கிடையாது. கனடாவின் கியூபெக் மாகாணத்தின் கத்தோலிக்கப் பதிவேடுகள் 1621இலிருந்து தொடங்குகின்றன. 1640இல் கியூபெக் நகரத் தேவாலயம் எரிந்தபோது அழிந்த பக்கங்களைக்கூட நினைவிலிருந்து திரும்ப எழுதிவைத்தார்கள். பாடுபடுத்துவது குடும்பப் பெயர்தான். 1665இல் பிரான்சிலிருந்து வந்திறங்கிய காரிஞான்-சலியேர் படைப்பிரிவின் வீரர்களிடம் லாஃப்ளர், சான்சூசி என்று பட்டப்பெயர் வைத்துக்கொள்ளும் வழக்கம் இருந்தது. ‘ஹூடோன் டி போலியூ’, அதாவது ‘போலியூ எனப்படும் ஹூடோன்’, என்பதுபோன்ற இரட்டைப் பெயர்கள் படைக்கு வெளியேயும் பரவின. சில தலைமுறை கழித்து ஒரு கிளை ஹூடோன் என்றும் இன்னொன்று போலியூ என்றும் எழுதிக்கொள்ளும். இந்தச் சிக்கலை எப்படிக் கையாளுகிறது என்பதை வைத்தே ஒரு தளத்தை எடைபோட வேண்டும்.

அந்த வகையில் என் முதல் தேர்வு பி.ஆர்.டி.எச். என்ற தரவுத்தளம். 1966இல் மாண்ட்ரியல் பல்கலைக்கழகத்தில் மக்கள்தொகை வரலாற்று ஆய்வாகத் தொடங்கியது. 1621 முதல் 1849 வரையான பதிவுகளை வெறும் பட்டியலாகத் தராமல், ஒரே ஆளைப் பற்றிய ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் இணைத்துக் குடும்பம் குடும்பமாகக் கட்டித் தருகிறது. எழுத்து வேறுபாடுகளையும் ஒரு பொது வடிவத்துக்குள் கொண்டுவருகிறது. பார்க்கும் பக்கங்களின் எண்ணிக்கைக்கு ஏற்பக் கட்டணம் என்பதால் யோசித்துத் தேட வேண்டும். இணைப்பு என்பது ஆய்வாளரின் முடிவு என்பதையும் மறக்கக் கூடாது. முக்கியமான கண்ணிக்குப் பதிவேட்டின் மூலப் பக்கத்தைப் பார்த்தே ஆக வேண்டும்.

மூலப் பக்கத்துக்கு ட்ரூவான். 1940களில் ட்ரூவான் என்ற குடும்ப வரலாற்று நிறுவனம் பங்குகளின், அதாவது தேவாலய வட்டாரங்களின், பதிவேடுகளை மைக்ரோஃபிலிமில் படமெடுத்தது. இன்று அவற்றை ஜெனியாலஜி கியூபெக் தளத்தில் சந்தா கட்டிப் பார்க்கலாம். 1849க்குப் பிறகு, 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதி வரைக்கும் இதுதான் பெரிய கைகொடுப்பு. பாதிரியாரின் கையெழுத்தோடு மல்லுக்கட்டப் பொறுமை வேண்டும், அவ்வளவுதான்.

ஃபேமிலிசர்ச் தளம் இலவசம். பதிவேட்டுப் படங்களுக்குத் தயங்காமல் போகலாம். ஆனால் யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய அதன் பொதுக் குடும்ப மரத்தை ஆதாரமாக எடுக்காதீர்கள். ஆண் குழந்தைக்கு ஜோசப், பெண் குழந்தைக்கு மரி என்று முன்னால் சேர்த்து ஞானஸ்நானம் கொடுத்த ஊர் கியூபெக். வாழ்ந்தபோது அழைக்கப்பட்ட பெயர் பெரும்பாலும் கடைசியில் வரும். முதல் பெயரை மட்டும் பார்த்தால் இரண்டு பேர் ஒருவராகிவிடுவார்கள்.

நூல்களில் தாங்கேயின் குடும்ப வரலாற்று அகராதியின் 7 தொகுதிகள் (1871–1890) வழி திறந்தவை, பிழைகளும் உண்டு. 1983இல் வந்த, ஜெத்தே தொகுத்த அதே வகை அகராதி நம்பகமானது, ஆனால் 1730உடன் நின்றுவிடும்.

சரி, எங்கே தேடினாலும் திருமணப் பதிவிலிருந்து தொடங்குங்கள். மணமக்கள் இருவரின் பெற்றோர் பெயரும் பெரும்பாலும் அதில் இருக்கும், தாயின் பிறந்த வீட்டுப் பெயர் உட்பட. கியூபெக் பதிவேடுகளில் பெண் திருமணத்துக்குப் பின்னும் பிறந்த குடும்பப் பெயரிலேயே எழுதப்படுவாள். 1981இலிருந்து சட்டமும் அதையே சொல்கிறது. அதனால் கணவன், மனைவி இருவர் பெயரையும் சேர்த்துத் தேடினால், ஹூடோன் போலியூவாக மாறியிருந்தாலும் மனைவியின் பெயர் காட்டிக்கொடுத்துவிடும். எல்லைக்குத் தெற்கே, அமெரிக்காவில், இந்த வசதி குறைவு. நியூ இங்கிலாந்து ஆலைகளுக்குப் போன குடும்பங்களில் மனைவி பல இடங்களில் கணவன் பெயரில் மறைந்துபோகிறாள். பெயர்களும் ஆங்கிலத்துக்கு மாறுகின்றன: புவாவேர் கிரீன்வுட் ஆகிறது, ருவா கிங் ஆகிறது. அங்கே பி.ஆர்.டி.எச். உதவாது. முதலில் அந்த ஊர்ப் பிரெஞ்சுக் கத்தோலிக்கப் பங்கின் திருமணப் பதிவைத் தேடிப் பிடித்து, அதிலுள்ள பெற்றோர் பெயரோடு ட்ரூவானுக்கு வாருங்கள்.