ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டம்: எட்டாண்டு பயன்பெற்ற ஒரு பெற்றோரின் மதிப்புரை

எங்கள் பகுதியிலுள்ள அரசு நடுநிலைப் பள்ளியில், தலைமையாசிரியர் அறையை ஒட்டிய சுவரில் மஞ்சள் பெயின்ட் அடித்த ஒரு சதுரம் உண்டு. அந்த ஆண்டு பள்ளிக்கு வந்த மானியத் தொகையும், செலவான தொகையும், மீதியும் அதற்குள் எழுதப்பட்டிருக்கும். என் மகள் முதல் வகுப்பில் சேர்ந்த நாள் தொட்டு எட்டாம் வகுப்பு முடித்து வெளியேறும் வரை அந்தச் சதுரத்தை நான் படித்து வந்திருக்கிறேன். அவற்றுள் நான்கு ஆண்டுகள் பள்ளி மேலாண்மைக் குழுவின் உறுப்பினராக இருந்து, அந்த எண்களுக்குப் பின்னால் இருக்கும் தீர்மானங்களில் கையெழுத்தும் இட்டிருக்கிறேன். அந்தப் பணம் வருகிற வழியாகிய ‘சமக்ர சிக்‌ஷா’ என்னும் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தை, ஒரு பொதுச் சேவையைப் பெற்றுக்கொண்டவன் என்ற நிலையில் நின்று மதிப்பிட விரும்புகிறேன். பள்ளிக்கூட வாசலில் இருந்து பார்த்தால் இந்தத் திட்டம் எப்படித் தெரிகிறது என்பதே இங்கே என் அக்கறை.

2001இல் தொடங்கிய அனைவருக்கும் கல்வி இயக்கம், 2009இல் வந்த அனைவருக்கும் இடைநிலைக் கல்வி இயக்கம், ஆசிரியர் கல்விக்கான தனித் திட்டம் ஆகிய மூன்றையும் ஒன்றாக்கி, மழலையர் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை ஒரே திட்டமாக 2018இல் ஒன்றிய அரசு இதனைக் கொண்டுவந்தது. 2021-22 முதல் 2025-26 வரையிலான ஐந்தாண்டுகளுக்கு ஒப்புதல் அளிக்கப்பட்ட மொத்த மதிப்பீடு 2,94,283 கோடி ரூபாய். அதில் ஒன்றியத்தின் பங்கு 1,85,398 கோடி. தமிழ்நாடு போன்ற மாநிலங்களில் நூற்றுக்கு அறுபது ஒன்றியமும் நாற்பது மாநிலமும் தர வேண்டும். வடகிழக்கு மாநிலங்களுக்கும் இமயமலை மாநிலங்களுக்கும் இது தொண்ணூறுக்குப் பத்து. ஏறத்தாழ 11.6 லட்சம் அரசுப் பள்ளிகளும் அரசு உதவிபெறும் பள்ளிகளும், 15.6 கோடிப் பிள்ளைகளும் இதன் வரம்புக்குள் வருகிறார்கள். இவ்வளவு பெரிய ஏற்பாட்டை ஒரே வரியில் நல்லது என்றோ கெட்டது என்றோ சொல்லிவிட முடியாது. எனினும் இதில் எது உயிரோடு இருக்கிறது, எது வெறும் தாளாக இருக்கிறது என்று சொல்ல முடியும்.

உயிரோடு இருப்பதை முதலில் சொல்கிறேன். என் அக்காள் மகனுக்குப் பிறவியிலேயே மூளை முடக்குவாதம். பள்ளிப் பதிவேட்டில் அவன் பெயர் இருக்கிறது. ஆனால் நாள்தோறும் பள்ளிக்குச் சென்று அமர அவன் உடல் இடம்கொடுக்காது. இத்தகைய பிள்ளைகளுக்காகத் திட்டத்தில் ‘இல்லம் சார்ந்த கல்வி’ என்றொரு பிரிவு உண்டு. வட்டாரத்துப் பள்ளிகளுக்குத் துணைநிற்கும் அலுவலகமாகிய வட்டார வள மையத்திலிருந்து சிறப்புப் பயிற்றுநர் ஒருவர் வியாழக்கிழமைகளில் அவனைத் தேடி வீட்டுக்கு வருவார். துணிப்பையில் பெரிய பொத்தான்கள், உப்புத்தாளை வெட்டி ஒட்டிய எழுத்து அட்டைகள், பழைய துணியைச் சுற்றிப் பருமனாக்கிய ஒரு பென்சில், இவ்வளவுதான் அவர் கொண்டுவரும் கருவிகள். ‘ட’ என்ற எழுத்தில்தான் தொடங்கினார். நின்ற கோடு ஒன்று, கிடந்த கோடு ஒன்று என்பதால் அதுதான் எளிது என்றார். பையனின் விரலை உப்புத்தாளின்மேல் மெல்ல நகர்த்துவார். அக்காள் பொறுக்கமாட்டாமல் அவன் கையைப் பிடித்து எழுதவைக்கப் போனால், “அக்கா, நீங்க பிடிக்காதீங்க, அவனே போடட்டும்” என்பார். ஏழு மாதம் கழித்து, நின்ற கோடு சாய்ந்தும் கிடந்த கோடு வளைந்தும் இருந்தாலும், யாரும் தொடாமல் அவன் ஒரு ‘ட’ போட்டான். அந்தத் தாளை அக்காள் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருக்கிறாள்.

சமத்துவம் என்ற சொல்லை நான் பல சுற்றறிக்கைகளில் வாசித்திருக்கிறேன். அது கண்ணெதிரே நடந்ததைப் பார்த்தது அந்த வீட்டுத் திண்ணையில்தான். இந்தச் சேவைக்கு நாங்கள் ஒரு ரூபாயும் கொடுக்கவில்லை. ஒவ்வொரு மாற்றுத்திறன் மாணவருக்கும் ஆண்டுக்கு 3,500 ரூபாய் வரை திட்டத்தில் இடமுண்டு. மாற்றுத்திறன் மாணவியருக்குக் கூடுதலாக மாதம் 200 ரூபாய் வீதம் பத்து மாதங்களுக்கு ஊக்கத்தொகை உண்டு. இந்தத் தொகைகளை மட்டும் கேட்டால் சொற்பமாகத்தான் தோன்றும். ஆனால் அந்தப் பணத்தோடு ஓர் ஆளும் வருகிறார் என்பதில்தான் இதன் மதிப்பு இருக்கிறது. அந்த ஆளோ தொகுப்பூதியத்தில், ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படும் ஒப்பந்தத்தில் வேலை பார்க்கிறார். தொடக்க நிலையில் சிறப்புக் கவனம் தேவைப்படும் பத்துப் பிள்ளைகளுக்கு ஒரு சிறப்பாசிரியர், அதற்கு மேற்பட்ட வகுப்புகளில் பதினைந்து பேருக்கு ஒருவர் என்று 2022இல் ஒன்றிய அரசு விதி வகுத்துவிட்டது. பைக்கில் ஊர் ஊராகச் சென்று பல பள்ளிகளையும் பல வீடுகளையும் ஒருவரே பார்த்துக்கொள்ளும் நிலையில், அந்த விகிதம் எங்கள் வட்டாரத்துக்கு இன்னும் வந்து சேரவில்லை. திட்டத்தின் மிகச் சிறந்த பகுதி, பணிப் பாதுகாப்பே இல்லாத மனிதர்களின் தோளில் நிற்கிறது என்பதை நான் பெருங்குறையாகக் கருதுகிறேன்.

அடுத்தது, சுவரில் எழுதப்படும் ஒருங்கிணைந்த பள்ளி மானியம். இது மாணவர் எண்ணிக்கையை வைத்துக் கணக்கிடப்படுகிறது: முப்பது பிள்ளைகள் வரை உள்ள பள்ளிக்கு 10,000 ரூபாய், நூறு வரை 25,000, இருநூற்று ஐம்பது வரை 50,000, ஆயிரம் வரை 75,000, அதற்கு மேல் ஒரு லட்சம். இதில் பத்தில் ஒரு பங்கையாவது தூய்மைப் பணிக்குச் செலவிட வேண்டும். தலைக்கு எவ்வளவு என்று வகுத்துப் பார்த்தால் சிறிய பள்ளிக்குத்தான் கூடுதலாக வருவதுபோல் தெரியும். ஆனால் பள்ளிக்கூடம் தலைக்கணக்கில் ஓடுவதில்லை. தண்ணீர் மோட்டார் பழுதானால், அந்தப் பள்ளியில் இருபத்தெட்டுப் பேர் படித்தாலும் இருநூறு பேர் படித்தாலும் பழுது பார்ப்பவர் கேட்கும் கூலி ஒன்றுதான். சாக்பீஸ், பதிவேடுகள், கழிவறைக்குப் பினாயில், கதவுத் தாழ்ப்பாள், ஒழுகும் ஓடு என எல்லாவற்றையும் பத்தாயிரத்துக்குள் அடக்க வேண்டிய பள்ளிகள் எங்கே இருக்கின்றன? மலையடிவாரத்தில், குக்கிராமத்தில், வசதியுள்ளவர்கள் தங்கள் பிள்ளைகளை வேனில் ஏற்றி நகரத்துப் பள்ளிக்கு அனுப்பிவிட்ட பிறகு எஞ்சியவர்கள் படிக்கிற இடங்களில். முப்பத்தொன்றாவது பிள்ளை சேர்ந்தால் 15,000 ரூபாய் கூடுதலாக வரும். ஒரு குடும்பம் பிழைப்புத் தேடித் திருப்பூருக்குக் குடிபெயர்ந்து இரண்டு பிள்ளைகள் குறைந்தால் அந்தத் தொகை போய்விடும். ஏற்றத்தாழ்வைக் குறைப்பதற்கென்றே எழுதப்பட்ட ஒரு திட்டத்தில் இப்படியொரு படிக்கட்டு இருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. மாணவர் எண்ணிக்கையைப் பாராமல் ஒவ்வொரு பள்ளிக்கும் ஓர் அடிப்படைத் தொகையைக் கொடுத்துவிட்டு, அதன்மேல் தலைக்கணக்கு பார்ப்பதே முறை.

தொகையைவிட அது வந்து சேரும் காலம்தான் எங்களை அதிகம் வருத்தியது. நான் குழுவில் இருந்த ஓர் ஆண்டில், ஜூன் மாதம் தேவைப்பட்ட பணம் பொங்கல் கழிந்துதான் பள்ளிக் கணக்குக்கு வந்தது. வந்த கையோடு மார்ச் இறுதிக்குள் செலவிட்டுப் பயன்பாட்டுச் சான்றிதழ் தரும்படி அழைப்பும் வந்தது. ஜூனில் தலைமையாசிரியர் தம் கைப்பணத்தைப் போட்டு மின்கட்டணம் செலுத்தியிருந்தார். பிப்ரவரியில் அவசரம் அவசரமாக வாங்கிய பொருள்களில் எத்தனை உண்மையிலேயே தேவையானவை என்று கேட்டால், கையெழுத்திட்டவர்களில் ஒருவனாகிய எனக்கே சங்கடமாக இருக்கிறது. நூலக மானியத்துக்கும் இதே கதிதான். தொடக்கப் பள்ளிக்கு 5,000 ரூபாயிலிருந்து மேல்நிலைப் பள்ளிக்கு 20,000 வரை திட்டம் இதற்கென ஒதுக்குகிறது. நல்ல புத்தகங்களும் வருகின்றன. ஆனால் தொலைந்துவிட்டால் தணிக்கையில் பதில் சொல்ல வேண்டுமே என்ற அச்சத்தில் அவை பீரோவுக்குள் பூட்டப்பட்டுக் கிடந்ததை நான் பார்த்தேன். குழுவில் பேசி, கிழிந்தால் நாங்கள் பொறுப்பு என்று தீர்மானம் எழுதிக்கொடுத்த பின்பே, வெள்ளிக்கிழமை மாலைகளில் அவை பிள்ளைகள் கைக்கு வந்தன.

திட்டமிடும் முறையைப் பற்றி இங்கே விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் தேசியத் திட்டம் என்ற பெயருக்கு உயிரே அதில்தான் இருக்கிறது. 2010 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவு, நான்கில் மூன்று பங்கு பெற்றோர்களும் பாதிப்பேர் பெண்களுமாகப் பள்ளி மேலாண்மைக் குழு அமைய வேண்டும் என்கிறது. 22ஆம் பிரிவு, அந்தக் குழுவே பள்ளி வளர்ச்சித் திட்டத்தை எழுத வேண்டும் என்கிறது. அந்தத் திட்டங்கள் வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்று தொகுக்கப்பட்டு, இறுதியில் தில்லியில் உள்ள திட்ட ஒப்புதல் வாரியத்தின் மேசைக்குப் போக வேண்டும். படிக்கும்போது இதைவிட அழகான ஏற்பாடு வேறொன்றும் இல்லை என்று தோன்றும். நாங்களும் மனம் ஒன்றித்தான் எழுதினோம். கூலி வேலைக்குச் செல்லும் தாய்மார்கள் அரைநாள் சம்பளத்தை விட்டுவிட்டுக் கூட்டத்துக்கு வந்தார்கள். பெண் பிள்ளைகளின் கழிவறைக்குத் தண்ணீர் இணைப்பு வேண்டும், ஏழாம் வகுப்புக்குக் கணித ஆசிரியர் வேண்டும், பின்பக்கச் சுற்றுச்சுவரை உயர்த்த வேண்டும் என்று மூன்றை முதன்மையாகக் குறித்துக் கொடுத்தோம். தண்ணீர் இணைப்பு கிடைத்தது. மற்ற இரண்டும் ஏற்கப்பட்டனவா, மறுக்கப்பட்டனவா, எந்தப் படியில் நிற்கின்றன என்று எழுத்தில் எந்தப் பதிலும் எங்களுக்கு வரவில்லை. அடுத்த ஆண்டும் அதற்கடுத்த ஆண்டும் அதே கோரிக்கைகளோடு திட்டத் தாளை மறுபடி நிரப்பினோம். ‘கிடையாது’ என்ற பதில் வந்திருந்தால்கூட அந்தத் தாய்மார்கள் அடுத்த கூட்டத்துக்கு வந்திருப்பார்கள். பதிலே இல்லாததால்தான் வருகை குறைந்தது.

தரம் பற்றிய பகுதியில் முன்னேற்றம் இருக்கிறது. மூன்றாம் வகுப்புக்குள் ஒவ்வொரு பிள்ளையும் பொருள் புரிந்து வாசிக்கவும் அடிப்படைக் கணக்குப் போடவும் வேண்டும் என்ற இலக்கோடு 2021 ஜூலையில் ‘நிபுண் பாரத்’ தொடங்கப்பட்டது. தமிழ்நாடு அதே நோக்கத்துக்கு ‘எண்ணும் எழுத்தும்’ என்று தனக்கான வடிவத்தை 2022இல் உருவாக்கிக்கொண்டது. அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளை அவர்கள் நிற்கும் இடத்தை வைத்துப் பிரித்துக் கற்பிக்கும் முறை, பின்தங்கிய பிள்ளையை அவமானப்படுத்தாமல் கைதூக்கிவிடுகிறது. பெருந்தொற்றுக்குப் பின் எழுத்தே மறந்துபோயிருந்த பிள்ளைகள் பாடலும் ஆட்டமுமாக மறுபடி வாசிக்கத் தொடங்கியதை எங்கள் பள்ளியில் கண்டேன். ஆனால் அளவிடுவதில் குறை உண்டு. 2021 நவம்பரில் தேசிய அடைவுத் தேர்வும், 2024 டிசம்பரில் ‘பரக்’ என்னும் தேசிய மதிப்பீட்டு அமைப்பின் மதிப்பாய்வும் நடந்தன. அவற்றின் முடிவுகள் மாவட்ட அளவில் வெளியாகின்றன. தேர்வு எழுதிய பள்ளிக்குத் தன் பிள்ளைகள் எங்கே தடுமாறினார்கள் என்பது தெரியாது. மறுபுறம், ஆசிரியர்கள் கைப்பேசியில் ஏற்ற வேண்டிய பதிவுகளோ பாட நேரத்தைத் தின்கின்றன.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. அறுபது பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளியில் இரண்டு ஆசிரியர்களாவது இருக்க வேண்டும் என்பது கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை. ஒன்றிய அரசின் பள்ளிப் புள்ளிவிவரத் தொகுப்பாகிய யூடைஸ் பிளஸ் 2024-25 அறிக்கையின்படி நாட்டில் ஓராசிரியர் பள்ளிகள் இன்னும் ஒரு லட்சத்துக்கும் மேல். ஐந்து வகுப்புகளை ஒருவரே பார்க்கும் பள்ளியில் கணினித் திரையோடு கூடிய ‘ஸ்மார்ட்’ வகுப்பறை வைப்பதற்கு முன் இன்னோர் ஆசிரியரை வைப்பதே தரத்தின் முதல் படி.

நிதிப் பங்கீட்டில் நேர்ந்ததையும் பயனாளி என்ற முறையில் பதிவுசெய்ய வேண்டும். தேசியக் கல்விக் கொள்கைப்படி மாதிரிப் பள்ளிகளை உருவாக்கும் ஒன்றிய அரசின் பிஎம் ஸ்ரீ பள்ளித் திட்டத்தில் தமிழ்நாடு கையெழுத்திடாததைத் தொடர்ந்து, ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் 2024-25ஆம் ஆண்டுக்கான ஒன்றியப் பங்கு 2,152 கோடி ரூபாய் வராமல் நின்றது. 2025 மே மாதம் மாநிலம் உச்ச நீதிமன்றத்துக்குச் சென்றது. கல்விக் கொள்கையில் இரு அரசுகளும் வாதிடுவதற்கு உரிமையுடையவை. ஆனால் சிறப்புப் பயிற்றுநரின் ஊதியமும், ஏழைப் பிள்ளைகளுக்கான 25 விழுக்காட்டு இட ஒதுக்கீட்டுக்குத் தனியார் பள்ளிகளுக்குத் தர வேண்டிய தொகையும் அதே குழாய் வழியாகத்தான் வருகின்றன. சட்டம் உரிமை என்று சொல்லிவிட்ட ஒன்றை, வேறொரு திட்டத்தின் ஒப்பந்தத்தோடு முடிச்சுப்போடுவது தவறு என்பதே என் உறுதியான கருத்து.

மதிப்பெண் இட வேண்டுமென்றால், மாற்றுத்திறன் பிள்ளைகளுக்கான சேவைக்குப் பத்துக்கு ஒன்பது தருவேன். ‘எண்ணும் எழுத்தும்’ முறைக்கு ஏழு. பள்ளி மானியத்துக்கு நான்கு. கீழிருந்து திட்டமிடும் ஏற்பாட்டுக்கு, தாளில் எழுதியிருப்பதற்காக அன்றி நடந்ததற்காக, மூன்று.

இந்தச் சேவையைப் பெறப்போகும் பெற்றோர்களுக்கு இரண்டு செய்திகள். வீட்டில் மாற்றுத்திறன் பிள்ளை இருந்தால், பள்ளி வயது வரட்டும் என்று காத்திராமல் அருகிலுள்ள அரசுப் பள்ளித் தலைமையாசிரியரையோ வட்டார வள மையத்தையோ நேரில் அணுகிப் பெயரைப் பதியுங்கள். பிள்ளையின் மாற்றுத்திறனை மதிப்பிடும் முகாம் எப்போது என்பதையும் அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள். மேலாண்மைக் குழுவில் இருப்பவர்கள், சென்ற ஆண்டின் பள்ளி வளர்ச்சித் திட்ட நகலைக் கூட்டத்துக்கு முன்பே வாங்கிப் படியுங்கள். அதில் நிறைவேறாமல் நிற்கும் ஒவ்வொரு கோரிக்கைக்கும் எழுத்துமூலம் பதில் கேட்டுத் தீர்மானம் போட்டு, அதன் நகலை வட்டாரக் கல்வி அலுவலருக்கு அனுப்பி, பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகையைக் கூட்டப் பதிவேட்டிலேயே ஒட்டி வையுங்கள்.